அந்நியரை உபசரிக்கும் வீட்டார் அறியவேண்டியது
(ஆஸ்பத்திரி ஆதரவாளர்களின் கூடுகையில் சிற்றாலயக் குருவானவர் ஆற்றிய உரை)

மலைப்பாதையின் வளைவுகளையும் குளிரையும் பாராமல் ஏறி வந்திருக்கிறீர்கள். தேநீர் ஆறுவதற்குள் பேச வேண்டியதைப் பேசிவிடுகிறோம்.

இன்று நாங்கள் எடுத்துக்கொண்டிருப்பது பிரசங்கத்திற்குரிய பொருள் அல்ல. விசாவைப் பற்றிப் பேசப்போகிறோம். சிலர் முகத்தில் புன்னகை தெரிகிறது. ஆனால் உங்கள் சபைகளிலிருந்து எங்களுக்கு வரும் கடிதங்களில் அடிக்கடி காணும் வரி இதுதான்: "அமெரிக்காவிலிருந்து எங்கள் நண்பர்கள் வருகிறார்கள். இரண்டு மாதம் ஆஸ்பத்திரியில் தங்கி ஊழியம் செய்ய விரும்புகிறார்கள். சுற்றுலா விசா கையில் இருக்கிறது." கடிதம் அன்போடு எழுதப்பட்டது. அதன் கடைசி வரியில்தான் சங்கடம் இருக்கிறது.

இந்த ஊரே அந்நியர் வந்து தங்கியதால் உண்டான ஊர். அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்தவர்கள் சமவெளியின் காய்ச்சலுக்கும் காலராவுக்கும் தங்கள் மனைவி மக்களைப் பறிகொடுத்து, முதலில் சிறுமலையில் ஒதுங்கிப் பார்த்து, பிறகு 1845-இல் இங்கே இரண்டு பங்களாக்கள் கட்டிக்கொண்டார்கள். அவர்கள் கையில் விசா இருந்ததா என்று பள்ளிப் பிள்ளைகள் எங்களைக் கேட்பதுண்டு. இன்று நாம் காணும் முத்திரை இருக்கவில்லை. ஆனாலும் வாசலில் காவல் இல்லாத காலம் என்று அதைச் சொல்லிவிட முடியாது. 1812-இல் கல்கத்தாவில் வந்திறங்கிய முதல் அமெரிக்க மிஷனெரிகளைக் கிழக்கிந்தியக் கம்பெனி வெளியேறச் சொன்னது. அதோனிராம் ஜட்சன் பர்மாவுக்குப் போய்ச் சேர்ந்த கதை அப்படித் தொடங்கியதே. 1820-இல் ஜேம்ஸ் காரட் என்ற அச்சுத் தொழில் தெரிந்த வாலிபர் யாழ்ப்பாணத்து அமெரிக்க மிஷனுக்கு உதவ வந்து இறங்கினார். இலங்கையை ஆண்ட சர் எட்வர்ட் பார்ன்ஸ் அவரைத் தங்க விடவில்லை. அவர் பம்பாய்க்குப் போய் அங்கே அச்சுக்கூடப் பணி செய்தார். அந்த யாழ்ப்பாண மிஷனிலிருந்துதான் 1834-இல் மதுரைக்கு ஊழியர் வந்தார்கள். ஆகவே தங்க அனுமதி கேட்டு நிற்பது ஊழியருக்குப் புதிய அவமானம் ஒன்றுமில்லை.

நம் பக்கத்திலேயே நடந்த இன்னொன்றைச் சொல்லவேண்டும். ரால்ஃப் ரிச்சர்ட் கெய்த்தான் ஐயா அவர்களைப் பற்றி வயதானவர்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். மதுரை மிஷனுக்கு வந்த அமெரிக்கர், கதர் உடுத்தியவர். அந்நாட்களில் பிரிட்டிஷார் அல்லாத மிஷனெரிகள் சட்டப்படி அமைந்த அரசாங்கத்துக்குக் கீழ்ப்படிந்து நடப்போம், அரசியலில் தலையிடமாட்டோம் என்று வாக்குறுதி கொடுத்தால்தான் இங்கே இருக்கலாம். காந்தியடிகளின் கடிதத்தை வைசிராய் இர்வினிடம் கொண்டுபோன ரெஜினால்ட் ரெனால்ட்ஸ் என்ற ஆங்கிலேய வாலிபரை 1930-இல் கெய்த்தான் தம் வீட்டில் விருந்தாளியாக ஏற்றார். அந்த ஆண்டே அவர் இந்தியாவை விட்டுப் போகவேண்டியதாயிற்று. மறுபடி வந்தார், 1944-இல் மறுபடியும் வெளியேற்றப்பட்டார். சுதந்திரத்திற்குப் பிறகு திரும்பி வந்து, காந்திகிராமத்தாரோடும் பூதான இயக்கத்தாரோடும் சேர்ந்து நம் மலையடிவாரத்துக் கிராமங்களில் உழைத்தார்.

இதில் நாங்கள் கவனிப்பது, விருந்தாளியால் வீட்டுக்காரருக்கு வந்த வினை. கெய்த்தான் தெரிந்தே, மனச்சாட்சிக்காக அந்த விலையைக் கொடுத்தார். அது வேறு. படிவம் நிரப்பச் சோம்பல்பட்டு, விசாவில் எழுதியிருப்பதைப் படிக்காமல் விட்டு, அதனால் வரும் கஷ்டத்தைச் சிலுவை என்று சொல்லிக்கொள்வது வேறு. இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுகிறவர்கள் நம்மிடையே உண்டு. அதை நாங்கள் ஒத்துக்கொள்வதில்லை.

சுதந்திரத்திற்குப் பின் 1955-இல் நமது அரசாங்கம் தன் கொள்கையைத் தெளிவாக்கியது. புதிதாக வரும் மிஷனெரி விசேஷத் தகுதி உடையவராக இருக்கவேண்டும், அந்த வேலைக்கு இந்தியர் கிடைக்காதிருக்கவேண்டும். நியாயமான கேள்விதான். நம் சபைகள் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்ததால்தான் நம் பிள்ளைகள் டாக்டர்களாகவும் நர்சுகளாகவும் பொறுப்பேற்றார்கள் என்பது எங்கள் எண்ணம். இங்கிலாந்து, ஆஸ்திரேலியா முதலிய காமன்வெல்த் நாட்டாருக்கு மட்டும் 1984 வரை விசா தேவைப்படாமல் இருந்தது. அந்த நினைப்பிலேயே இன்னும் சிலர் இருக்கிறார்கள். "இங்கிலாந்துக்காரர்தானே ஐயா" என்கிறார்கள்.

இப்பொழுது நடப்பிலுள்ள சட்டத்துக்கு வருவோம். 1920, 1939, 1946, 2000 ஆகிய ஆண்டுகளின் நான்கு பழைய சட்டங்களை நீக்கி, குடிவரவு மற்றும் வெளிநாட்டவர் சட்டம், 2025 என்ற ஒரே சட்டம் 2025 செப்டம்பர் 1 முதல் அமலுக்கு வந்திருக்கிறது. செல்லத்தக்க பாஸ்போர்ட்டோ விசாவோ இல்லாமல் நுழைந்தால் ஐந்து ஆண்டுவரை சிறை, ஐந்து லட்ச ரூபாய்வரை அபராதம். விசாக் காலம் கடந்து தங்கினாலோ, அதன் நிபந்தனையை மீறினாலோ மூன்று ஆண்டுவரை சிறை, மூன்று லட்சம்வரை அபராதம். பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. "நிபந்தனை" என்ற சொல்லைக் கவனியுங்கள். தேதி முடியவில்லையே என்பது மட்டும் போதாது. எதற்காக வந்தேன் என்று அவர் எழுதிக்கொடுத்தாரோ, அதையே செய்யவேண்டும்.

சுற்றுலா விசாவில் வருகிறவர் ஊர் பார்க்கலாம், உறவினரைப் பார்க்கலாம். நம் ஆலயத்தில் நம்மோடு உட்கார்ந்து ஆராதிக்கலாம், தேவசெய்தி கேட்கலாம். அதற்குத் தடை இல்லை. ஆனால் பிரசங்க பீடத்தில் ஏறிப் பிரசங்கிக்கவும், கைப்பிரதி கொடுக்கவும், மதமாற்ற வேலை செய்யவும் கூடாது என்று உள்துறை அமைச்சகத்தின் விதி சொல்லுகிறது. மிஷனெரிப் பணிக்கென்று தனி விசா உண்டு, அதைக் கேட்டு வாங்கவேண்டும். வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற நம் சொந்த ஜனங்கள் ஓ.சி.ஐ. அட்டை வைத்திருந்தாலும், மிஷனெரிப் பணி செய்ய விசேஷ அனுமதி வேண்டும் என்று 2021 மார்ச்சில் அறிவித்துவிட்டார்கள். டாலஸிலிருந்து வரும் மருமகனைக் கன்வென்ஷனில் பேச வைக்க ஆசைப்படும் அத்தைமார்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

பல வருஷங்களாக இம்மலைக்கு வந்துபோன ஒரு நர்ஸ் அம்மாள் இருந்தார்கள். ஊர், பேர் வேண்டாம். வேலையில் ஓய்வு பெற்றபின் சுற்றுலா விசாவில் வந்து, பழைய சிநேகிதிகளோடு இருந்து, ஒரு மாதத்தில் திரும்பிவிடுவார்கள். ஒரு சபையார் அவர்கள் பெயரை எழுபது, எண்பது சுவரொட்டிகளில் போட்டு "சிறப்புச் செய்தியாளர்" என்று அச்சிட்டு ஒட்டினார்கள். அம்மாளிடம் கேட்கவும் இல்லை. விசாரணை வந்தது. அவர்கள் பேசவே இல்லை என்று எடுத்துச் சொன்னோம். ஆனாலும் அடுத்த ஆண்டு விசா கிடைக்கவில்லை, அதற்கடுத்த ஆண்டும் கிடைக்கவில்லை. இங்கே வார்டில் அவர்கள் கையைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்த ஒரு கிழவி, "அம்மா எப்போ வரும்?" என்று கேட்டுக் கேட்டு இறந்தாள். சுவரொட்டி அடித்தவர்கள் நல்லவர்கள்தான்.

கைவேலையாக உதவ வருகிறவர்களுக்கு வழி இருக்கிறது. கணினி வழியே பெறும் சுற்றுலா விசாவில் ஒரு மாதத்துக்கு மிகாமல், எந்தப் பணமும் பிரதிபலனும் வாங்காமல் தன்னார்வத் தொண்டு செய்ய இடம் கொடுத்திருக்கிறார்கள். அதற்கு மேல் தங்கித் தொண்டு நிறுவனத்தில் சம்பளமின்றி உழைக்க விரும்பினால், அந்த நிறுவனத்தின் பெயரும் ஊரும் குறிக்கப்பட்ட வேலை விசா வாங்கவேண்டும். சுற்றுலா விசாவில் வந்துவிட்டு இங்கே மாற்றிக்கொள்ளலாம் என்று நம்பி வராதீர்கள். பொதுவாக மாற்றித் தரமாட்டார்கள். ஐந்து வருஷ விசா என்றால் ஐந்து வருஷம் இங்கேயே குடியிருக்கலாம் என்றும் அர்த்தமில்லை. ஒவ்வொரு வருகையிலும் எத்தனை நாள் என்பது தனிக் கணக்கு.

டாக்டர்களுக்கு இன்னொரு படி உண்டு. எவ்வளவு பெரிய சர்ஜனாக இருந்தாலும், விசா மட்டும் இருந்தால் நோயாளியின்மேல் கை வைக்க முடியாது. முன்னே இந்திய மருத்துவக் கவுன்சிலும், 2020 முதல் தேசிய மருத்துவ ஆணையமும் கொடுக்கும் தற்காலிக அனுமதி வேண்டும். "ஒரே ஒரு ஆபரேஷன், யாருக்குத் தெரியும்?" என்று எங்களிடம் கேட்டிருக்கிறார்கள். நோயாளிக்கு ஏதேனும் நேர்ந்தால் எல்லோருக்கும் தெரியும். அதைவிட, ஏழை நோயாளி என்பதால் அனுமதியில்லாத கை போதும் என்று நினைப்பதே தவறு. அவர் தம் ஊரில் அப்படிச் செய்வாரா?

வீட்டில் தங்கவைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பல ஆண்டுகளாக 'சி' படிவம் என்று நாம் சொல்லிவந்த விவரத்தை, விருந்தினர் வந்து 24 மணி நேரத்திற்குள் கணினி வழியாகப் பதிவு அதிகாரிக்குத் தெரிவிக்கவேண்டும். ஓட்டல்காரருக்குத்தான் இது என்று நினைக்கவேண்டாம். விருந்தினர் விடுதிக்கும், அந்நியருக்கு இடங்கொடுக்கும் தனி வீட்டுக்கும் உண்டு. 180 நாளுக்கு மேற்பட்ட விசாவில் நீண்டகாலம் தங்க வருகிறவர் 14 நாளுக்குள் பதிவு செய்யவேண்டியதும் வழக்கம். முன்பெல்லாம் இதற்காக வத்தலகுண்டு வழியாக மலையிறங்கி மதுரைக்கும், 1985-இல் மாவட்டம் பிரிந்தபின் திண்டுக்கல் போலீஸ் சூப்பிரண்டெண்டு அலுவலகத்துக்கும் நாள்கணக்கில் அலைவோம். 2018 முதல் பெரும்பாலும் வீட்டிலிருந்தே முடிகிறது. குறைசொல்ல ஒன்றுமில்லை, மின்சாரம் இருந்தால்.

இந்தப் பதிவு எதற்கு என்று அலுத்துக்கொள்வோருக்கு வட்டக்கானலை நினைவுபடுத்துகிறோம். இஸ்ரவேல் தேசத்து வாலிபர்கள் கூட்டமாக வந்து தங்கும் சிற்றூர் அது. 2016-இல் கேரளத்தில் தேசியப் புலனாய்வு முகமை சிலரைக் கைது செய்தபோது, வட்டக்கானலுக்கு வரும் அந்த யூத விருந்தினரைத் தாக்கவும் திட்டமிருந்ததாகத் தெரிவித்தது. யார் எந்த வீட்டில் இருக்கிறார் என்று காவல் துறைக்குத் தெரிந்திருப்பது விருந்தினருக்கும் காவல்தான். பவுல் அப்போஸ்தலனும் சவுக்கடிக்குக் கட்டப்பட்டபோது தம் ரோமக் குடியுரிமையைச் சொல்லித்தானே தப்பினார்.

புதிய சட்டம் ஆஸ்பத்திரிகளையும் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. உள்நோயாளியாக வெளிநாட்டவர் சேர்ந்தால் நாங்கள் விவரம் தெரிவிக்கவேண்டும். எங்கள் ஊழியருக்கு நாங்கள் சொல்லிவைத்திருப்பது: மூச்சுத்திணறலோடு வருகிறவரை முதலில் கட்டிலில் கிடத்துங்கள், பாஸ்போர்ட்டைப் பிறகு கேளுங்கள்.

இந்த இடத்தில் எங்கள் மனம் வேறொரு அந்நியரிடம் போகிறது. அவர் நம் பாஷை பேசுகிறவர், நம்மைப்போலவே சோறு உண்கிறவர். இந்த மாவட்டத்தில் தோட்டனூத்து முதலிய இடங்களில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்கள் இருக்கின்றன. தோட்டனூத்தில் 2022-இல் தமிழக அரசு 321 புதிய வீடுகள் கட்டிக்கொடுத்தது. அங்கே உள்ள பிள்ளைகள் பலர் இங்கேயே பிறந்தவர்கள். ஆனாலும் சட்டத்தின் கண்ணில் வெளிநாட்டவர். 2015 ஜனவரி 9 வரை தஞ்சம் புகுந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழரை, பாஸ்போர்ட்டும் விசாவும் இல்லாததற்காகத் தண்டிப்பதில்லை என்று 2025 செப்டம்பரில் மத்திய அரசு விலக்கு அளித்தது. பெரிய ஆறுதல் அது. ஆனால் குடியுரிமை அல்ல.

முகாமில் தணிக்கை நாளில் ஆள் இல்லாவிட்டால் உதவித்தொகை நின்றுவிடுமோ என்ற பயம் அவர்களுக்கு உண்டு. பிரசவத்துக்குப் பின் மூன்றாம் நாளே எழுந்து போகத் துடித்த ஒரு தாயை நாங்கள் கண்டோம். காரணம் கேட்டால், மறுநாள் தணிக்கை. ஆஸ்பத்திரித் தாளில், இன்ன தேதி முதல் இன்னார் இங்கே உள்நோயாளியாக இருக்கிறார் என்று நாலு வரி எழுதி, டாக்டர் கையெழுத்தும் முத்திரையும் இட்டு அவள் புருஷன் கையில் கொடுத்தோம். அந்த அதிகாரி ஏற்றுக்கொண்டார். அவள் இன்னும் ஐந்து நாள் படுத்திருந்தாள். அதுமுதல் முகாமிலிருந்து வரும் ஒவ்வொரு உள்நோயாளிக்கும் கேளாமலே அந்தத் தாளைக் கொடுத்துவருகிறோம்.

கடைசியாக, வரும் ஆண்டில் விருந்தினரை அனுப்ப விரும்பும் சபைகள் குறைந்தது மூன்று மாதத்துக்கு முன்னே எங்களுக்கு எழுதுங்கள். வருகிறவர் யார், என்ன வேலை தெரிந்தவர், எத்தனை நாள் என்று குறிப்பிடுங்கள். எந்த விசா கேட்கவேண்டும் என்பதையும் அதற்கான அழைப்புக் கடிதத்தையும் ஆஸ்பத்திரி அலுவலகம் அனுப்பும். டிக்கெட் வாங்குவது அதற்குப் பிறகு இருக்கட்டும். அவர்கள் கொண்டுவரும் காணிக்கையை எங்கள் கையில் ரொக்கமாகக் கொடுக்கவேண்டாம் என்றும் சொல்லுங்கள். வெளிநாட்டுக் காணிக்கை, 2020-இல் திருத்தப்பட்ட சட்டப்படி, புதுதில்லியிலுள்ள ஸ்டேட் வங்கிக் கிளையின் கணக்கு வழியாகத்தான் வந்துசேரவேண்டும். அந்த விவரத்தையும் அலுவலகத்தில் கேட்டுப் பெறலாம்.