வெளிநாட்டுக் காசுக்கு இங்கே வரியா?

(கூட்டமைப்பின் பொதுக்குழுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இன்றைக்கு வரியைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். "நமக்கும் இன்கம்டாக்ஸுக்கும் என்ன சம்பந்தம்?" என்று சிலர் நினைக்கலாம். வீட்டுக்காரரோ, மகனோ, அண்ணன் தம்பியோ சவூதி, துபாய், ஓமன் என்று வேலைக்குப் போயிருப்பவர்கள் கையைத் தூக்குங்கள். பார்த்தீங்களா, எத்தனை கை! இந்தப் பேச்சு உங்களுக்குத்தான்.

கொஞ்ச வருஷமாக ஊரில் ஒரு பேச்சு நடக்குது. "வெளிநாட்டில் சம்பாதிக்கிற காசுக்கும் இங்கே வரி போட்டுட்டாங்க. பேங்க்ல போட்டா பிடிச்சுக்குவாங்க. உண்டியல்ல அனுப்பச் சொல்லு" என்கிறார்கள். இதில் உண்மை எது, புரளி எது என்று பிரித்துப் பார்ப்போம்.

2020 பிப்ரவரி 1 அன்று வந்த மத்திய பட்ஜெட்டில் ஒரு திருத்தம் இருந்தது. எந்த நாட்டிலும் வரி கட்டாத இந்தியக் குடிமகனை இந்தியாவிலேயே வசிப்பவராகக் கருதுவோம் என்றார்கள். வளைகுடா நாடுகளில் சம்பளத்துக்கு வருமான வரி கிடையாது. அதனால் நம்ம ஆட்கள் பயந்துவிட்டார்கள். மறுநாளே அரசு விளக்கம் கொடுத்தது. அங்கே உழைத்துச் சம்பாதிப்பவர்களைப் பிடிக்க இது வரவில்லை, எந்த நாட்டிலும் வரி கட்டாமல் தப்பிக்கிறவர்களுக்காகத்தான் என்றது.

பிறகு சட்டமானபோது, இந்தியாவில் வரும் வருமானம் வருஷத்துக்கு 15 லட்சம் ரூபாயைத் தாண்டினால்தான் இந்த விதி என்று ஆனது. அப்படித் தாண்டியவருக்கும், அவர் அங்கே வாங்கும் சம்பளத்துக்கு இங்கே வரி இல்லை. கொத்தனார், டிரைவர், கடை வேலை பார்ப்பவர் யாரும் இதில் வரமாட்டார்கள்.

ஏப்ரல் முதல் மார்ச் வரை உள்ள வருஷத்தில் 182 நாளுக்குக் குறைவாக உங்கள் கணவர் இந்தியாவில் இருந்தால், அந்தச் சம்பளத்துக்கு இங்கே வரி கேட்க மாட்டார்கள். அவர் உங்களுக்கு அனுப்பும் பணத்துக்கும் வரி இல்லை. கணவன், மனைவி, பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தவர்கள் கொடுப்பதற்கு வரி கிடையாது. ஆனால் உறவில்லாதவரிடமிருந்து வருஷத்தில் 50,000 ரூபாய்க்கு மேல் இனாமாக வந்தால் அதற்கு வரி உண்டு. அதனால்தான் சொல்கிறேன், நண்பர் கணக்கு மூலமாக அனுப்ப வேண்டாம். அவர் பேரிலேயே அனுப்பட்டும்.

அப்போ எதற்கு வரி? இங்கே வருகிற வருமானத்துக்கு. வீட்டு வாடகை, மனை விற்ற லாபம், வங்கி வட்டி இதெல்லாம் கணக்கில் வரும். வெளிநாடு போனவருக்கு வங்கியில் இரண்டு விதமான கணக்கு உண்டு. என்.ஆர்.இ. கணக்கின் வட்டிக்கு வரி இல்லை. என்.ஆர்.ஓ. கணக்கின் வட்டியில் 30 சதவீதமும் அதன்மேல் செஸ்ஸும் பிடிப்பார்கள். வெளிநாட்டிலிருந்து வரும் காசை என்.ஆர்.இ.யில் போடாமல், விவரம் தெரியாமல் என்.ஆர்.ஓ.வில் போட்டால் வட்டியில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு போய்விடும். அப்படிப் பிடித்திருந்தாலும், மொத்த வருமானம் வரி வரம்புக்குள் இருந்தால் ரிட்டர்ன் தாக்கல் செய்து திரும்பப் பெறலாம்.

உண்டியலைப் பற்றியும் சொல்லணும். இல்லாத வரிக்குப் பயந்து அதில் அனுப்பினால், 1999-ஆம் ஆண்டு அந்நியச் செலாவணிச் சட்டப்படி தொகையைப் போல மூன்று மடங்கு வரை அபராதம் வரலாம். காசு வந்து சேராவிட்டால் யாரிடம் ரசீது கேட்பீர்கள்? நாளைக்கு மனை வாங்கும்போது "பணம் எங்கிருந்து வந்தது?" என்று கேட்டால் எதைக் காட்டுவீர்கள்? பாஸ்புக் வரிதான் நமக்குச் சாட்சி.

அங்கே நடந்த மாற்றத்தையும் தெரிஞ்சுக்குங்க. துபாய் இருக்கும் எமிரேட்ஸிலும் சவூதியிலும் 2018 ஜனவரி 1 முதல் பொருளுக்கு 5 சதவீத வரி வந்தது. சவூதி அதை 2020 ஜூலையில் 15 சதவீதமாக ஏற்றிவிட்டது. சம்பளத்தில் பிடிக்காவிட்டாலும் வாங்குகிற பொருளில் போகுது. "முன்ன மாதிரி அனுப்புறதில்லை" என்று சண்டை போடும் முன் இதையும் யோசியுங்கள். ஓமன் 2028 ஜனவரி முதல் தனிநபர் வருமான வரி என்று 2025-இல் அறிவித்தது. அது வருஷத்துக்கு 42,000 ரியாலுக்கு மேல் வாங்குகிறவர்களுக்கு, 5 சதவீதம். கூலி வேலைக்குப் போனவர் கவலைப்பட வேண்டாம்.

வெளிநாட்டுக்கு அனுப்பும் பணத்துக்கு 1 சதவீத வரி என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அது அமெரிக்காவில் 2026 ஜனவரியில் வந்தது. அங்கிருந்து ரொக்கமாகவோ அதுபோன்ற வழியிலோ கட்டி அனுப்பினால்தான் அந்த வரி. வங்கிக் கணக்கிலிருந்து அனுப்பினால் இல்லை. வளைகுடாவுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

கடைசியாக, வீட்டுக்குப் போனதும் செய்ய வேண்டியவை:

1. கணவரின் கணக்கு என்.ஆர்.இ.யா, என்.ஆர்.ஓ.வா என்று பாஸ்புக்கில் பாருங்கள். புரியாவிட்டால் வங்கியில் கேளுங்கள்.

2. பாஸ்போர்ட்டில் போன தேதி, வந்த தேதி முத்திரை உள்ள பக்கங்களை ஜெராக்ஸ் எடுத்து வையுங்கள். 182 நாள் கணக்குக்கு அதுதான் ஆதாரம்.

3. அவர் ஒரேயடியாகத் திரும்பி வந்துவிட்டால் வங்கிக்குத் தெரிவித்துக் கணக்கை மாற்றுங்கள். அதற்குப் பின் பழைய வட்டிச் சலுகை தொடராது.

4. "வரி நோட்டீஸ் வரும், நான் பார்த்துக்கிறேன், இவ்வளவு கொடு" என்று யாராவது வந்தால் காசு கொடுக்காதீங்க. எழுத்தில் கேளுங்கள், ஆடிட்டரிடம் காட்டுங்கள்.

உள்கடனுக்கு ஒரு ரூபாய் வட்டி தவறினாலும் கண்டுபிடிக்கிறவர்கள் நாம். அந்தக் கணக்குப் புத்தியை வீட்டுக்கு வரும் வெளிநாட்டுக் காசிலும் காட்டுவோம். சந்தேகம் இருந்தால் உங்கள் குழுத் தீர்மான நோட்டில் எழுதி அனுப்புங்கள், அடுத்த கூட்டத்தில் பேசுவோம்.