தூங்குற சட்டம் செத்த சட்டம் இல்ல!

(தாம்பரம் தெருமுனைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இங்க நிற்கிற பலருக்குச் சொந்த ஊர் தாம்பரம் இல்ல. மதுரை, விருதுநகர், நெல்லைன்னு தென்மாவட்டங்கள்ல இருந்து பிழைக்க வந்தவங்க. வருஷத்துக்கு ஒரு தடவையாவது குடும்பத்தோட தாம்பரத்துல ரயிலேறுவீங்க. எதுக்கு? குலசாமிக்குக் கெடா வெட்ட! கருப்பசாமிக்கும் சுடலைமாடனுக்கும் நம்ம பாட்டன் பூட்டன் செலுத்தின நேர்த்திக்கடன் அது.

அந்தக் கெடா வெட்டைக் குற்றம்னு சொல்லித் தடுத்த காலம் ஒண்ணு இருந்துச்சு. ஞாபகம் இருக்கா?

1950-ல், அன்றைய சென்னை மாநில காங்கிரஸ் ஆட்சியில, கோயில்களில் விலங்குகளையும் பறவைகளையும் பலியிடத் தடை விதிச்சு ஒரு சட்டம் வந்தது. சட்டம் புத்தகத்துல இருந்துச்சு. ஊர்ல கெடா வெட்டும் நடந்துச்சு. எத்தனையோ ஆட்சி மாறியும் யாரும் பெருசா கண்டுக்கல.

53 வருஷம் கழிச்சு, 2003 ஆகஸ்ட்ல, ஜெயலலிதா அம்மையார் அரசு அதைத் தூசி தட்டி எடுத்தது. கண்டிப்பா அமல்படுத்தணும்னு அதிகாரிகளுக்கு உத்தரவு பறந்தது. புதுச் சட்டம் இல்ல. சட்டமன்ற விவாதம் இல்ல. ஒரே ஒரு உத்தரவு!

மாட்டினது யாரு? ஊர் எல்லையில, மரத்தடியில சாமி கும்பிடுற ஏழை எளிய ஜனங்க. கறிக்கடையில வெட்டினா வியாபாரம், சாமி முன்னாடி வெட்டினா குற்றம். இது என்ன நியாயம்?

பலி வேண்டாம்னு நினைக்கிறவங்க நம்மள்லயும் இருக்காங்க. அதை ஊர்கூடிப் பேசலாம். ஆனா அரை நூற்றாண்டு தூங்கின சட்டத்தைத் திடீர்னு எழுப்பி, போலீஸை அனுப்பிப் பேசக்கூடாது.

ஜனங்க கொதிச்சாங்க. 2004, மக்களவைத் தேர்தல் வருஷம். அந்த வருஷமே அந்தச் சட்டம் ரத்து! உத்தரவு மட்டும் இல்ல, சட்டமே போச்சு. அதுதான் முக்கியம் தோழர்களே. உத்தரவை மட்டும் வாபஸ் வாங்கியிருந்தா, நாளைக்கு இன்னொருத்தர் வந்து மறுபடியும் எழுப்பியிருப்பார்.

இது நம்ம ஊர்க் கதை மட்டுமில்ல. அமெரிக்காவுல அரிசோனா ஒரு மாநிலமாகவே ஆகாத 1864-ல் போட்ட கருக்கலைப்புத் தடைச் சட்டம். அரை நூற்றாண்டா முடங்கிக் கிடந்தது. அது செல்லும்னு 2024 ஏப்ரலில் அந்த மாநில உச்ச நீதிமன்றம் சொல்லிருச்சு. பெண்கள் பதறிப்போனாங்க. சில வாரத்துலயே சட்டமன்றம் கூடி அதை நீக்க வேண்டியதாச்சு.

அதனால, "அது பழைய சட்டம்ப்பா, யாரு அமல்படுத்தப் போறா?"ன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. அப்படிப்பட்ட சட்டம், ஆட்சியில இருக்கிறவங்க இடுப்புல செருகி வச்ச கத்தி. யார் மேல, எப்போ உருவுறதுன்னு அவங்கதான் முடிவு பண்ணுவாங்க.

ஓட்டுக் கேட்டு வர்ற எல்லாரையும், எங்களையும் சேர்த்துத்தான், ஒரு கேள்வி கேளுங்க: "பயன்படுத்தாத சட்டத்தை ஏன் இன்னும் வச்சிருக்கீங்க?" தேவைன்னா மக்கள் முன்னாடி வச்சு விவாதிக்கட்டும். தேவையில்லைன்னா, அது தூங்கும்போதே நீக்கட்டும்!