வா என்னும் ஒரு சொல்

நாய் வளர்ப்பைப் பற்றிப் பேசும்படி வானொலி நிலையத்தார் கேட்டபோது நான் சற்றே தயங்கினேன். நான் கால்நடை மருத்துவன் அல்லன். நாய்களைப் பழக்குவதைத் தொழிலாகக் கொண்டவனும் அல்லன். முப்பத்தைந்து ஆண்டுகள் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தவன். இதுவரை இரண்டு நாய்களை வளர்த்திருக்கிறேன். முதல் நாயை வளர்த்த விதம் பெரும்பாலும் பிழை. அந்தப் பிழைகளை இரண்டாவது நாயிடம் திருத்திக்கொள்ள முயன்றேன். தவறாகப் போட்ட கணக்கையும் கரும்பலகையில் எழுதிக் காட்டுவது ஆசிரியர்களின் வழக்கம். அந்தத் துணிவோடுதான் இங்கே வந்திருக்கிறேன்.

நாயைப் பற்றி நம் முன்னோர் அறியாதவர் அல்லர். தொல்காப்பியர் மரபியலில் நாய், பன்றி, புலி, முயல் ஆகிய நான்கின் இளமைக்கும் குருளை என்னும் ஒரே பெயரைத் தந்து, நாயைப் புலியோடு ஒரு வரிசையில் வைத்தார். நாலடியாரோ யானையையும் நாயையும் ஒப்பிட்டு, நட்புக்கு நாயே மேல் என்று தீர்ப்புச் சொல்லுகிறது. யானை நெடுநாள் பழகிய பாகனையே கொன்றுவிடும். நாயோ, தன்மேல் எறியப்பட்ட வேல் உடம்பில் தைத்திருக்கும்போதும் எறிந்தவனைப் பார்த்து வாலைக் குழைக்குமாம். இந்தப் பாட்டை இளமையிலேயே மனப்பாடம் செய்தவன் நான். அதனால்தானோ என்னவோ, நாயை என்ன செய்தாலும் அது நம்மை விட்டுப் போகாது என்று நம்பியிருந்தேன்.

நாங்கள் அப்போது உறையூரில் குடியிருந்தோம். 1996-ஆம் ஆண்டில் தெருவில் கிடந்த செவலை நிறக் குட்டி ஒன்றை என் மகள் எடுத்து வந்தாள். வீரன் என்று பெயரிட்டோம். அதைப் பழக்கும் பொறுப்பை நான் ஏற்றுக்கொண்டேன். 'அடியாத மாடு படியாது' என்னும் பழமொழி ஒன்றே எனக்குத் தெரிந்த கல்வி முறை. வீரன் ஒரு நாள் என் புதுச் செருப்பைக் கடித்துக் குதறிவிட்டது. நான் திண்ணையில் நின்றுகொண்டு, "வீரா, வா" என்று கூப்பிட்டேன். அது கொல்லையிலிருந்து வாலை ஆட்டிக்கொண்டு ஓடிவந்தது. வந்ததும் பிரம்பால் இரண்டு கொடுத்தேன்.

செருப்பைக் கடித்ததற்காக அடித்ததாக நான் எண்ணிக்கொண்டேன். ஆனால் செருப்பைக் கடித்து அரைமணி நேரம் ஆகியிருந்தது. வீரன் கடைசியாகச் செய்த செயல் என்ன? கூப்பிட்டவுடன் வந்ததுதான். வந்தால் அடி விழும். நாய் போட்ட கணக்கு அது. கணக்காசிரியனாகிய எனக்கு அது விளங்கவில்லை. இப்படி ஒரு முறையன்று, பல முறை நடந்தது. சில மாதங்களில், நான் கூப்பிட்டால் வீரன் தலையைத் தாழ்த்தி, காதுகளை மடக்கி, வயிறு தரையில் உராய ஊர்ந்து வரும். "பார்த்தீர்களா, செய்த குற்றம் அதற்கே தெரிகிறது" என்று வந்தவர்களிடம் பெருமையாகச் சொல்லுவேன்.

அது குற்ற உணர்ச்சி அன்று என்பதை மிகவும் பின்னால்தான் அறிந்தேன். அமெரிக்காவில் அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ் என்னும் அறிஞர் இதைச் சோதித்து 2009-இல் வெளியிட்டார். உண்ணக் கூடாது என்று விலக்கிய பண்டத்தை நாய் தின்றதா இல்லையா என்பதற்கும் அதன் 'குற்ற முகத்துக்கும்' தொடர்பே இல்லை. வளர்ப்பவர் கடிந்துகொண்டால் குற்றமற்ற நாயும் அந்த முகத்தையே காட்டிற்று. நாம் குற்றம் என்று படித்தது அச்சத்தை.

1998-ஆம் ஆண்டுத் தீபாவளி இரவு. வீரனைக் கொல்லையில் கொய்யா மரத்தில் சங்கிலியால் கட்டியிருந்தேன். பக்கத்துச் சந்தில் யாரோ நீண்ட சரவெடி ஒன்றைக் கொளுத்தினார்கள். வெடி ஓய்ந்து நாங்கள் பார்த்தபோது சங்கிலியும் கழுத்துப் பட்டையும் மட்டுமே கிடந்தன. இரண்டு நாள் தேடினோம். மூன்றாம் நாள் விடியற்காலையில் உய்யக்கொண்டான் வாய்க்கால் ஓரம் போனேன். எதிர்க்கரையில் வீரன் நின்றுகொண்டிருந்தது. மெலிந்து, சேறு படிந்து, என்னையே பார்த்தது. எனக்கு உண்டான மகிழ்ச்சியில் உரத்த குரலில், "வீரா, வா!" என்று கத்தினேன்.

அது காதை நிமிர்த்தியது. இரண்டடி நீரை நோக்கி இறங்கியது. பிறகு அந்தச் சொல் அதன் நினைவில் எதை எழுப்பியதோ, வாலை இடுக்கிக்கொண்டு திரும்பிக் கருவேலம் புதருக்குள் போய்விட்டது. நான் பாலத்தைச் சுற்றி மறுகரைக்கு ஓடினேன். அங்கே அது இல்லை. அதன்பின் நான் அதைக் காணவில்லை. என் மகள் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

பதினேழு ஆண்டுகள் எங்கள் வீட்டில் நாய் இல்லை. 2015-இல் என் பேரன் ஒரு குட்டி வேண்டும் என்றான். இன்ன சாதி நாய் என்று பலரும் யோசனை சொன்னார்கள். இராசபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை என்று நம் நாட்டிலேயே பேர்பெற்ற இனங்கள் உண்டு. 2005-இல் அஞ்சல் துறை இராசபாளைய நாய்க்குத் தபால்தலையே வெளியிட்டது. ஆனால் வேட்டைக்கென்று பிறந்த இந்த நாய்களுக்கு ஓடுவதற்கு இடம் வேண்டும்; அடுக்குமாடி வீட்டின் முற்றம் போதாது. மற்றொரு நண்பர் சைபீரிய நாய் ஒன்றை வாங்கித் தருவதாகச் சொன்னார். பனியில் வண்டி இழுப்பதற்காகப் பிறந்த பிராணியைத் திருச்சி வெயிலில் வளர்ப்பது, என் எண்ணத்தில், ஒருவகைக் கொடுமை. முடிவில் மறுபடியும் தெருக்குட்டி ஒன்றையே எடுத்தோம். பேரன் அதற்குச் சிட்டு என்று பெயர் வைத்தான்.

குட்டியை எட்டு வாரத்துக்கு முன் தாயிடமிருந்து பிரிக்கலாகாது. ஆனால் அதற்குப்பின் தாமதிக்கவும் கூடாது. ஸ்காட், புல்லர் என்னும் இருவர் பல்லாண்டுகள் ஆராய்ந்து 1965-இல் வெளியிட்ட நூல், பிறந்த மூன்றாம் வாரம் முதல் ஏறக்குறைய பன்னிரண்டாம் வாரம் வரை உள்ள காலமே நாய் உலகத்தோடு உறவு கொள்ளும் காலம் என்று காட்டியது. அந்த நாட்களில் அது கண்டு பழகிய குடை, மிதிவண்டி, தாடிக்காரர், குழந்தை எதுவும் பின்னாளில் அதை எளிதில் அச்சுறுத்தா. சிட்டுவை மடியில் வைத்துக்கொண்டு நாள்தோறும் வாசற்படியில் உட்கார்ந்திருப்பேன். தெருவே அதற்குப் பள்ளிக்கூடம் ஆயிற்று. தடுப்பூசிகள் முடியும்வரை தரையில் இறக்கிவிடவில்லை.

பழக்குவதற்குப் பெரிய வித்தை ஒன்றும் வேண்டியதில்லை. நாய் செய்த நற்செயலுக்கு ஓரிரு நொடிக்குள் கைம்மாறு கிடைக்க வேண்டும். தாமதித்தால் எதற்காகக் கிடைத்தது என்று அதற்குத் தெரியாது. கைம்மாறு என்பது வேகவைத்த கோழியின் சிறு துணுக்காக இருக்கலாம். பட்டாணி அளவு போதும். ஒரு பாடத்துக்கு ஐந்து நிமிடம். நாளுக்கு இரண்டு மூன்று பாடம். அதற்குமேல் நாயும் மாணவரைப்போலவே கொட்டாவி விடும். வீட்டார் அனைவரும் ஒரே சொல்லைச் சொல்வதும் இன்றியமையாதது. எங்கள் வீட்டில் நான் "உட்கார்" என்பேன். என் மனைவி "உக்காரும்மா" என்பாள். பேரன் "சிட்" என்பான். சிட்டு மூவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு நின்றுகொண்டே இருந்தது. பிறகு குடும்ப மாநாடு கூட்டி என் மனைவியின் சொல்லையே ஏற்றுக்கொண்டோம்.

வீட்டுக்குள் சிறுநீர் கழித்தால் அதன் மூக்கை அதில் தேய்க்கும் வழக்கம் நம்மிடையே உண்டு. அதனால் நாய் கற்றுக்கொள்வது, நாம் காணாத இடத்தில் கழிக்க வேண்டும் என்பதுதான். தூங்கி எழுந்ததும், உண்டதும், ஆடி முடித்ததும் வெளியே அழைத்துச் சென்று, உரிய இடத்தில் கழித்தவுடன் பாராட்டுங்கள். சில வாரங்களில் காரியம் முடிந்துவிடும்.

"வா" என்னும் சொல்லுக்கு மட்டும் எங்கள் வீட்டில் தனிச் சட்டம் செய்தேன். அந்தச் சொல்லைக் கேட்டு வந்த சிட்டுவுக்கு நல்லதைத் தவிர வேறொன்றும் நேரலாகாது. கடிந்துகொள்ளவோ, குளிப்பாட்டவோ, மருந்து ஊட்டவோ வேண்டுமானால் நாமே அதனிடம் எழுந்து போக வேண்டும். பேரன் ஒரு நாள் இந்தச் சட்டத்தை மீறிச் "சிட்டு, வா" என்று குளியலறைக்கு அழைத்தான். அவனுக்கு அன்று வாய்க்காலங்கரைக் கதையைச் சொன்னேன். பிறகு அவன் மீறவில்லை. 2018-இல் ஒரு நாள் எரிவாயு உருளை கொண்டுவந்தவர் வெளிக்கதவைத் திறந்து வைத்துவிட, சிட்டு ஒரு பூனையைத் துரத்திக்கொண்டு நெடுஞ்சாலையை நோக்கிப் பாய்ந்தது. லாரி ஒன்று வந்துகொண்டிருந்தது. "சிட்டு, வா!" என்றேன். என் குரல் அன்று எதிர்க்கரைக்குக் கத்திய அதே குரல்தான். சாலை விளிம்பில் அது சட்டென்று திரும்பி என் காலடியில் வந்து விழுந்தது. லாரி போய்விட்டது. சட்டைப் பையில் தின்பண்டம் ஒன்றும் இல்லை. வீட்டுக்குள் போய் அன்றைய குழம்பு மீன் முழுவதையும் முள் நீக்கிக் கொடுத்தேன்.

விளையாட்டைப் பற்றிச் சில வார்த்தை. நாய் முன்கால்களைத் தரையில் தாழ்த்தி, பின்புறத்தைத் தூக்கி வணங்குவதுபோல் நிற்கும் நிலையை நீங்கள் கண்டிருப்பீர்கள். மார்க் பெக்காஃப் என்னும் ஆராய்ச்சியாளர் 1977-இல் இதைப் பற்றி எழுதினார். 'இனி நான் கடிப்பதும் உறுமுவதும் விளையாட்டே' என்று மற்ற நாய்க்கு அது தரும் அறிவிப்பு அது. அந்த அழைப்பை மதித்து நாமும் விளையாட வேண்டும். விலை உயர்ந்த பொம்மைகள் தேவையில்லை. பழைய வேட்டியை முறுக்கி முடிச்சிட்டால் இழுக்கும் விளையாட்டுக்கு ஆயிற்று. மூன்று கொட்டாங்கச்சிகளைக் கவிழ்த்து ஒன்றின் கீழ் சிறு தின்பண்டம் மறைத்தால், மூக்கால் தேடுவதில் கால்மணி நேரம் கழிந்துவிடும். ஒரு மைல் நடந்த களைப்பும் வரும். பந்து அதன் தொண்டைக்குள் போகாத அளவு பெரியதாக இருக்கட்டும். குச்சியை எறிய வேண்டாம். வாயில் குத்திய புண்ணோடு மருத்துவரிடம் வரும் நாய்கள் உண்டு.

கோடையில் நாம் மிகவும் விழிப்பாக இருக்க வேண்டும். நமக்கு உடம்பெங்கும் வியர்க்கிறது. நாய்க்கோ உள்ளங்காலில் மட்டுமே சிறிது வியர்வை. மற்றபடி நாக்கைத் தொங்கவிட்டு மூச்சு இரைப்பதால்தான் அது சூட்டைத் தணிக்கிறது. புறங்கையைத் தார்ச்சாலையில் ஐந்தாறு நொடி வைத்துப் பாருங்கள். உங்களால் பொறுக்க முடியாவிட்டால் நாயை அதில் நடத்தக் கூடாது. அக்கினி நட்சத்திரக் காலத்தில் விடியுமுன்னரும் இருட்டிய பின்னரும் மட்டுமே உலாவுதல் நலம். நாயின் இயல்பான வெப்பம் 101 முதல் 102.5 டிகிரி பாரன்ஹீட். அது 105-ஐத் தாண்டினால் உயிருக்கு ஆபத்து. இரைப்பு நிற்காமல், எச்சில் கெட்டியாகி, நாக்கு கருஞ்சிவப்பாகித் தள்ளாடினால், முதலில் நிழலில் கிடத்திக் குழாய் நீரை உடம்பெங்கும் ஊற்றி விசிறுங்கள். பிறகு மருத்துவரிடம் ஓடுங்கள். சன்னல் மூடிய காருக்குள் பத்து நிமிடம்கூட விட்டுச் செல்ல வேண்டாம்.

மழைக்காலத்தின் பகைவன் உண்ணி. காதின் உட்புறம், கழுத்துப் பட்டையின் கீழ், விரலிடுக்கு ஆகிய இடங்களில் நாள்தோறும் தடவிப் பார்க்க வேண்டும். மண்ணெண்ணெய் தடவுவது பழைய வழக்கம்; தோல் வெந்து போவதோடு, நக்கினால் உள்ளுக்கும் நஞ்சு. மருத்துவர் தரும் சொட்டு மருந்தே தக்கது. தெருவில் தேங்கிய நீரைக் குடிக்க விடாதீர்கள். எலியின் சிறுநீர் கலந்த நீரால் எலிக்காய்ச்சல் வரும். அது நாய்க்கு மட்டும் அன்று, நமக்கும் வரும்.

வெறிநோய்த் தடுப்பூசியைக் குட்டிக்கு மூன்று மாதத்தில் போட்டு, மருத்துவர் சொல்லும் தவணையில் மறுபடியும், பிறகு ஆண்டுதோறும் போடுங்கள். எந்த நாய் கடித்தாலும், பிராண்டினாலும், புண்ணைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். வயிற்றில் பதினான்கு ஊசி போட்ட காலம் போய்விட்டது. இப்போது கையில் சில ஊசிகளே. ஆழ்ந்த கடியானால் புண்ணைச் சுற்றியும் மருந்து போடுவார்கள். நோயின் குறி தோன்றிய பிறகு செய்வதற்கு ஏறக்குறைய ஒன்றுமே இல்லை.

இனித் தீபாவளி. நம் செவி வினாடிக்கு 20,000 அதிர்வுக்குமேல் கேட்காது; நாயின் செவி 40,000-க்கும் மேலே கேட்கும். சிறிய ஓசைகளும் அதற்குத் துல்லியமாகக் கேட்கும். ஆகவே சிட்டுவுக்கு நாங்கள் ஒரு மாதம் முன்பே பாடம் தொடங்குவோம். பேரன் தன் கைப்பேசியில் வெடியோசையைப் பதிவு செய்து வைத்திருக்கிறான். முதலில் காதில் விழுந்தும் விழாததுபோல் மெல்ல ஒலிக்கச் செய்து, உடனே தின்பண்டம் கொடுப்பான். அது அஞ்சாமல் தின்றால் மறுநாள் சிறிது கூட்டுவான்; காதை மடக்கினால் குறைத்துவிடுவான். பண்டிகையன்று பொழுது சாயுமுன் உலாவ அழைத்துச் சென்று, கழுத்துப் பட்டையில் எங்கள் தொலைபேசி எண் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, உள்ளறையில் சன்னல்களை அடைத்து, கட்டாமல் விட்டுவிடுவோம். அஞ்சும் நாயைத் தடவிக் கொடுத்தால் அச்சம் வளரும் என்று முன்பு சொல்லுவார்கள். அதில் உண்மை இல்லை. அருகே வந்தால் தடவிக் கொடுங்கள். கட்டிலுக்கு அடியில் போனால் அங்கேயே இருக்க விடுங்கள்.

அந்த அறையில் வானொலியைச் சற்று உரக்க வைத்துவிடுவதும் எங்கள் வழக்கம். நாகசுர இசை தொடங்கினால் சிட்டு கட்டிலுக்கு அடியிலிருந்து வெளியே வந்து பெட்டியின் முன் படுத்துக்கொள்ளும். உரைகள் தொடங்கினால் பெரும்பாலும் தூங்கிவிடும்.