கைவேலையும் பள்ளிக்கூடமும்: கடம்பூர் கரிசலிலிருந்து கூடலூர் மலை வரை

மதுரையிலிருந்து திருநெல்வேலிக்குச் செல்லும் இருப்புப்பாதையில், கோவில்பட்டிக்கும் வாஞ்சி மணியாச்சிக்கும் இடையே அமைந்த கடம்பூர், வெளியூரார் பலருக்கும் போளியின் பெயரால் அறிமுகமான ஊராகும். எனினும் ரயிலடியை விட்டு எத்திசையில் நடந்தாலும் அவ்வூரின் மெய்யான செல்வமாகக் கண்ணில் படுவது கரிசல் மண்ணே. கோடையில் பாளம் பாளமாக வெடித்தும், ஐப்பசி மழையில் காலைப் பிடித்திழுக்கும் களியாகக் குழைந்தும் இயல்பு மாறும் இம்மண், குடித்த ஈரத்தை நெடுநாள் விடாமல் வைத்திருப்பதால், ஆற்றுப்பாசனம் எட்டாத இவ்வட்டாரத்தில் வடகிழக்குப் பருவமழை ஒன்றையே நம்பிப் பருத்தியும் கம்பும் சோளமும் உளுந்தும் பாசிப்பயறும் விளைகின்றன. மழையை மட்டுமே நம்பிச் செய்யப்படும் இவ்வேளாண்மை மானாவாரி எனப்படும்.

மானாவாரியில் புழுதி விதைப்பு என்றொரு முறை உண்டு. மழை இறங்குவதற்கு முன்பே காய்ந்த புழுதியில் விதையை இட்டுவிட்டு, வருகின்ற முதல் நல்ல மழையிலேயே அது முளைத்துவிடும்படி செய்வது அதன் நோக்கம். முந்தி விதைத்தால் சிறு தூறலில் முளைத்த பயிர் கருகிப்போகும். பிந்தினாலோ நிலம் சேறாகி ஏர் இறங்காது. அந்த நாளைத் தீர்மானிக்கும் விவசாயி காற்றின் போக்கையும் வானத்தையும் மண்ணின் சூட்டையும் சென்ற ஆண்டுகளின் நினைவையும் ஒருங்கே எடைபோடுகிறார். தாவரவியல், வானிலை, கணக்கு எனப் பள்ளிக்கூடம் தனித்தனி ஏடுகளாகப் பிரித்து வைத்திருப்பவை யாவும் அந்த ஒரே முடிவில் வந்து சேர்கின்றன. அறிவையும் உழைப்பையும் ஊர் வாழ்க்கையையும் பிரிக்காமல் கற்பிக்கும் முறைக்கு முழுமைக் கல்வி என்று பெயரிட்டால், அதற்கு இதைவிடச் செறிவான பாடம் வேறெங்கும் தேட வேண்டியதில்லை.

ஆயினும் முழுமைக் கல்வியைப் பற்றிக் கரிசலில் பேசுவோர் ஒன்றை மறக்கலாகாது. மழை பொய்த்த ஆண்டுகளில் இவ்வட்டாரத்துக் குடும்பங்களுக்குக் கூலி தந்தவை, மக்கள் வழக்கில் 'தீப்பெட்டி ஆபீஸ்' எனப்படும் தொழிற்கூடங்கள்; குச்சிகளைக் கட்டை எனப்படும் சட்டத்தில் அடுக்குவதற்கும் பெட்டி ஒட்டுவதற்கும் சிறு விரல்களே ஏற்றவை என்று கருதப்பட்டமையால், சென்ற நூற்றாண்டின் பெரும்பகுதியில் ஏராளமான பிள்ளைகள், அவர்களுள்ளும் பெண் பிள்ளைகள், விடியுமுன்னே அங்கு அழைத்துச் செல்லப்பட்டனர். 1986ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டமும், அதன்பின் வந்த சிறப்புப் பள்ளிகளும், இயந்திரங்களும் அந்நிலையைப் பெரிதும் மாற்றின. அதற்கு முன்பே, 1956இல், காமராசர் மதிய உணவுத் திட்டத்தை அண்மையிலுள்ள எட்டயபுரத்தில் தொடங்கிவைத்தது, பசித்த பிள்ளையின் காலைப் பள்ளியை நோக்கித் திருப்பிய செயலாகும். இத்தகைய மண்ணில், கைவேலையும் கல்வியின் பகுதியே என்று ஒருவர் சொல்லும்போது அது பழைய கூலிவேலையின் மறுவடிவோ என்று தாய்மார்கள் ஐயுறுவது முற்றிலும் நியாயமானது.

காந்தியடிகள் 1937இல் வார்தா மாநாட்டில் முன்வைத்த ஆதாரக் கல்வி, அதாவது நூற்பு, வேளாண்மை போன்ற ஒரு தொழிலை நடுவாக வைத்து எல்லாப் பாடங்களையும் கற்பிக்கும் முறை, இந்த ஐயத்தை எதிர்கொண்டாக வேண்டியிருந்தது. மதுரைக்குத் தெற்கே தே.கல்லுப்பட்டியில் 1940இல் காந்தியத் தொண்டர் வெங்கடாசலபதி நிறுவிய காந்தி நிகேதன் அந்நெறியில் வளர்ந்தது.

இவ்வையத்திற்குத் தெளிவான விடை ஒன்றைக் காண, கரிசலுக்கு நேர்மாறான நிலமாகிய நீலகிரி மாவட்டத்துக் கூடலூருக்குச் செல்ல வேண்டும். உதகமண்டலத்திலிருந்து மேற்கே ஏறத்தாழ 50 கிலோமீட்டர் இறங்கினால், கேரளமும் கர்நாடகமும் தமிழகத்தைத் தொடும் இடத்தில், தென்மேற்குப் பருவமழை கொட்டித் தீர்க்கும் தேயிலைச் சரிவுகளுக்கிடையே அந்நகரம் அமைந்துள்ளது. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின் பின் இலங்கையிலிருந்து திரும்பிய மலையகத் தமிழர் பலர் இங்கே குடியேறினர். அவர்களுடைய முன்னோருள் தென்தமிழகத்து வறண்ட சீமைகளிலிருந்து பிழைப்புத் தேடிக் கப்பலேறியோரும் உண்டு. இவர்கள் யாவரும் வருவதற்கு முன்பே இம்மலையில் வாழ்ந்தவர்கள் பணியர், பெட்டக்குறும்பர், முள்ளுக்குறும்பர், காட்டுநாயக்கர் முதலிய பழங்குடியினர். காடு தோட்டமாக மாறியபோது நிலமிழந்த இம்மக்கள், 1980களில் ஆதிவாசி முன்னேற்றச் சங்கமாகத் திரண்டு, 1988 டிசம்பரில் நில உரிமை கேட்டுக் கூடலூர் வீதிகளில் ஆயிரக்கணக்கில் ஊர்வலம் சென்றனர். இரண்டாண்டுகளில் தமக்கென மருத்துவமனையும் கண்டனர்.

பள்ளி அதன்பின் வந்தது. ராமா சாஸ்திரி, ராம்தாஸ் இணையர் 1990களின் தொடக்கத்தில் சில பிள்ளைகளுக்காகத் தம் இல்லத்தில் நடத்திவந்த வித்யோதயா, பழங்குடிப் பெற்றோரின் வேண்டுகோளால் 1996இல் பழங்குடிப் பிள்ளைகளுக்கான பள்ளியாக மாறியது. அரசுப் பள்ளிகளில் இப்பிள்ளைகள் இடைநின்றமைக்குச் சோம்பலைக் காரணம் காட்டுவது எளிது. ஆனால் வீட்டில் பணிய மொழியோ குறும்ப மொழியோ பேசி வளர்ந்த ஆறு வயதுப் பிள்ளை, அறியாத மொழியில் அதட்டலைக் கேட்டு வகுப்பின் கடைசி வரிசையில் ஒடுங்கியதே உண்மைக் காரணங்களுள் முதன்மையானது. வித்யோதயாவில் அவர்கள் இனத்து இளைஞர்களும் இளம்பெண்களுமே பயிற்சி பெற்று ஆசிரியரானார்கள். முதியோரின் கதையும் பாட்டும், காட்டுச் செடிகளின் பயனும், மூங்கில் வேலையும் வகுப்புக்குள் நுழைந்தன. பிள்ளை கூடை முடையக் கற்பது அங்கே கல்வி. ஏனெனில் அக்கூடைக்குக் கூலி இல்லை, அதை முடிக்கவேண்டிய காலக்கெடு இல்லை, முடைவதற்கிடையே எழும் கேள்விக்கு விடை சொல்ல ஆசிரியர் அருகில் இருக்கிறார். தீப்பெட்டி ஆபீஸில் அடுக்கப்பட்ட கட்டையோ பிள்ளையின் பொழுதை வாங்கிக்கொண்டு கேள்வியைத் தடுத்தது. விரல்களின் அசைவு இரண்டிடத்தும் ஒன்றுபோல் தோன்றினும், அந்தப் பொழுது யாருக்கு உரியது என்பதில் இரண்டும் முற்றிலும் வேறுபட்டவை; கைவேலை கற்பிக்கும் பள்ளி எதையும் அளக்க இதுவே முதல் அளவுகோலாதல் வேண்டும்.

கூடலூரின் வழியைக் கடம்பூரில் அப்படியே பெயர்த்து நட இயலாது. கரிசலின் பிள்ளைகளுக்குப் பள்ளி மொழி அயல்மொழியன்று. அரசுப் பள்ளியும் மதிய உணவும் எட்டும் தொலைவில் உள்ளன. அவற்றை விட்டு விலகிய தனிப்பள்ளியைவிட, அவற்றுக்குள் ஊரின் அறிவு நுழைவதே இங்கே பொருத்தமானது. புழுதி விதைக்கும் நாளில் எட்டாம் வகுப்பினர் ஒரு புஞ்சைக்குச் சென்று, ஏன் இன்று, ஏன் நேற்றில்லை என்று விவசாயியைக் கேட்டு எழுதிவரலாம். வற்றிய கம்மாயின் பரப்பை அளந்து அது கொள்ளும் நீரைக் கணக்கிடலாம். சிறு வயதில் கட்டை அடுக்கி இன்று பாட்டியராகிவிட்ட பெண்கள் இவ்வூர்களில் இருக்கின்றனர். நாளொன்றுக்கு எத்தனை கட்டை, கட்டைக்கு எவ்வளவு கூலி, வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது எவ்வளவு என்று அவர்களுள் ஒருவர் வகுப்பறைக்கு வந்து கரும்பலகையில் கணக்குப் போட்டுக் காட்டுவாராயின், எந்தப் பாடநூலிலும் அச்சேறாத இவ்வட்டார வரலாறு, அவருடைய பேத்தியின் குறிப்பேட்டில் முதன்முறையாக எழுதப்படும்.