லாரி வாடகையும் மார்க்கெட் சாமியும்



இன்று நாம் பேச எடுத்துக் கொண்டிருக்கும் விஷயம், புதுக் கார்களை ஏற்றிச் செல்லும் லாரித் தொழிலைப் பற்றியதாகும். அதுவும் அமெரிக்காவில் நடக்கும் சங்கதி. "அமெரிக்காக்காரனுக்கு வாடகை குறைந்தால் நமக்கென்ன?" என்று சிலர் கேட்கக்கூடும். அங்கே வாடகை ஏன் குறைகிறதென்று கேட்டால் வருகிற பதிலுக்கும், இங்கே கஷ்டம் ஏன் வந்ததென்று கேட்டால் ஜோசியனும் புரோகிதனும் சொல்லுகிற பதிலுக்கும் அதிக வித்தியாசம் இல்லாததாலேயே இதை எடுத்துக் கொண்டோம்.

நம்மூர் லாரிக்காரர் ஆயுத பூஜைக்குப் பூசணிக்காய் உடைக்கிறார்; சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குகிறார். இவ்வளவும் செய்த பிறகு வாடகை குறைந்தால் ஏழரைச் சனி என்கிறார். பழம் வைக்கும்போது அந்தச் சனி எங்கே போயிருந்தானோ தெரியவில்லை. அமெரிக்காக்காரர் பழம் நசுக்குவதில்லை. ஆனால் அவருக்கும் ஒரு சாமி உண்டு. அதன் பெயர் மார்க்கெட். கண்டிராக்ட் போனால் மார்க்கெட் சரியில்லை என்பார். கூலி குறைந்தால் மார்க்கெட் இறங்கிவிட்டது என்பார். மழை பெய்யவில்லை என்று நாம் சொல்லுவதுபோல் அதைச் சொல்லுவார். ஆனால் மழையை மனிதன் பெய்விக்கவில்லை. வாடகையை மனிதன்தான் போடுகிறான். யார் யார் போட்டார்கள் என்று பார்ப்போம்.

முதலில் தொழில் நடக்கும் விதம். அமெரிக்காவில் புதுக் கார்களில் சுமார் முக்கால் பங்கு பயணத்தில் ஏதோ ஒரு பகுதியை ரயிலில் கழிக்கிறது. ரயில் போகாத இடத்துக்கும், ரயிலடியிலிருந்து விற்பனைக் கடைக்கும் கொண்டு சேர்ப்பது லாரி. ஒரு லாரியில் மேலும் கீழுமாக எட்டு முதல் பத்துக் கார்கள் ஏறும். டிரைவரே ஏணியில் ஏறி, காரை ஓட்டி நிறுத்தி, பட்டை போட்டுக் கட்ட வேண்டும். தவறி விழுந்தால் எலும்பு முறியும். கார் கீறினால் பதில் சொல்ல வேண்டும். எந்தப் பாதைக்கு யார் ஏற்றுவது என்பதைக் கார்க் கம்பெனி டெண்டர் விட்டு முடிவு செய்கிறது.

இந்த வண்டியில் அரிசி மூட்டை ஏற்ற முடியாது. செங்கல் ஏற்ற முடியாது. காருக்கென்றே செய்த வண்டி. கொடுக்கிறவர்களோ விரல்விட்டு எண்ணக்கூடிய சில கம்பெனிகள், ஏற்றுகிறவர்களோ அநேகர். போகும்போது பாரம், வரும்போது பெரும்பாலும் காலி.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இது கணக்குக்காகச் சொல்லுவதே ஒழிய யாருடைய பேரேட்டிலிருந்தும் எடுத்ததல்ல. ஒரு நடைக்கு டீசலும் டிரைவர் கூலியுமாக 900 டாலர். வண்டித் தவணை, இன்சூரன்ஸ், பட்டறைச் செலவு அந்த நடைக்கு 400. ஆக 1,300. வாடகை 1,400 வந்தால் 100 லாபம். இப்போது பக்கத்துக்காரர் 1,000-க்கு டெண்டர் போடுகிறார். பைத்தியமா? இல்லை. வண்டி சும்மா நின்றாலும் அந்த 400-ஐக் கட்டியாக வேண்டும். 1,000-க்கு ஓடினால் 900 போக 100 டாலராவது தவணைக்கு உதவும். நின்றால் அதுவும் இல்லை. ஆகவே நஷ்டத்துக்கே ஓடுகிறார். அவர் 1,000 போட்டால் இன்னொருவர் 970 போடுகிறார். கடைசியில் வண்டி தேய்கிறது, டயர் தேய்கிறது, டிரைவரும் தேய்கிறார். கார்க் கம்பெனிக்கு மாத்திரம் ஒன்றும் தேயவில்லை. இதில் சனிக்கு வேலை என்ன?

நிற்க. முன்னாளில் இதற்கு ஒரு கட்டுப்பாடு இருந்தது. 1935இல் செய்த சட்டப்படி லாரிக் கம்பெனி தன் வாடகையைச் சர்க்கார் கமிஷனிடம் பதிவு செய்ய வேண்டும். 1980இல் கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம் அந்தக் கட்டுப்பாட்டைப் பெரும்பாலும் தளர்த்திவிட்டது. அக்கமிஷனே 1995 முடிவோடு போய்விட்டது. பழைய ஏற்பாட்டை நாம் சொர்க்கமென்று சொல்ல வரவில்லை. புதியவனுக்கு லைசென்ஸ் கிடைப்பது குதிரைக் கொம்பாயிருந்தது. ஏற்கனவே உள்ளே இருந்தவர்கள் கூடி வாடகை பேசிக்கொள்ள 1948இல் தனிச் சட்டமே செய்து இடம் கொடுத்தார்கள். அக்கிரகாரத் தெருவைப்போல் அதுவும் அடைத்த தெருவாகவே இருந்தது. ஆனால் தெருவைத் திறக்கிறோம் என்று சொல்லி வீட்டுக் கூரையையும் சேர்த்துப் பிரித்துவிட்டார்கள் என்பதே நம் அபிப்பிராயம்.

பிறகு நடந்ததைக் கேளுங்கள். அல்லைடு என்ற கம்பெனி 1997இல் ரைடர் என்ற கம்பெனியின் கார் ஏற்றும் பிரிவை விலைக்கு வாங்கி, அந்நாட்டிலேயே பெரிய கார் ஏற்றுக் கம்பெனியாயிற்று. 2005இல் மஞ்சள் கடுதாசி கொடுத்தது. டீம்ஸ்டர்ஸ் சங்கத் தொழிலாளர் கூலிக் குறைப்புக்கு ஒப்புக்கொண்ட பிறகு 2007இல் எழுந்து நின்றது. அடுத்து மகா மந்தம் வந்தது. 2007இல் 1 கோடியே 60 லட்சத்துக்கு மேல் விற்ற வண்டிகள் 2009இல் சுமார் 1 கோடியே 4 லட்சமாக இறங்கின. 2012இல் கடன்காரர்கள் அல்லைடை மறுபடியும் கோர்ட்டுக்கு இழுத்தார்கள். 2013இல் அதன் சொத்தில் பெரும்பகுதியை ஜாக் கூப்பர் என்ற கம்பெனி வாங்கிற்று. அந்த ஜாக் கூப்பரும் 2019இல் திவால் மனுப் போட்டு மீண்டது. 2025 தொடக்கத்தில் போர்ட், ஜெனரல் மோட்டார்ஸ் ஆகிய இரண்டு பெரிய கம்பெனிகளின் வேலையும் கைவிட்டுப் போனதும், 1928 முதல் நடந்துவந்த அந்தத் தொழிலையே மூடிவிட்டார்கள். இரண்டாயிரத்துக்கு மேற்பட்டவர்களுக்கு வேலை போயிற்று. இரண்டு ஆபீசுகளில் எடுத்த முடிவு, ஒரு கம்பெனியின் ஏறக்குறைய நூறு வருஷத்தை முடித்துவிட்டது.

கார்கள் மாத்திரம் நகராமல் நின்றுவிட்டனவா என்றால், இல்லை. வேறு யாரோ ஏற்றுகிறார்கள். அப்படி ஏற்றுகிறவர்களில் சங்கம் இல்லாத கம்பெனிகளும் உண்டு; ஒற்றை லாரி வைத்து ஓட்டுகிறவர்களும் உண்டு. சங்கக் கம்பெனி, பென்ஷனும் வைத்தியச் செலவும் சேர்த்து விலை போட வேண்டும். ஒற்றை லாரிக்காரருக்குப் பென்ஷனும் இல்லை, வைத்தியமும் இல்லை. ஆனால் "நான் முதலாளி" என்ற பெருமை உண்டு. நம் நாட்டில் இரண்டு ஏக்கர் குத்தகைக்காரன் தன்னை மிராசுதார் ஜாதியென்று நினைத்துக்கொண்டு பண்ணையாளைத் தூர நிற்கச் சொல்லுவதுபோல, இவரும் சங்கத் தொழிலாளியை வேறு ஜாதியாக நினைக்கிறார். சங்கத் தொழிலாளியோ இவரைக் கூலி கெடுக்க வந்தவர் என்கிறார். இருவரும் ஏறுகிற ஏணி ஒன்று, கட்டுகிற பட்டை ஒன்று. இதில் இன்னொரு வேடிக்கையைப் பாருங்கள். ஒற்றை லாரிக்காரர்கள் பத்துப் பேர் கூடி, "இதற்குக் குறைந்து ஏற்றமாட்டோம்" என்று பேசிக்கொண்டால், 1890இல் செய்த ஏகபோகத் தடுப்புச் சட்டம் அவர்கள்மேல் பாயும். ராட்சசக் கம்பெனிகளை அடக்கச் செய்த சட்டம் அது!

இனி முக்கியமான ஒன்று. அந்நாட்டில் 1958இல் செய்த சட்டப்படி ஒவ்வொரு புதுக் காரின் கண்ணாடியிலும் விலைச் சீட்டு ஒட்ட வேண்டும். கொண்டுவந்து சேர்த்த கூலியையும் அதில் காட்ட வேண்டும். அந்தக் கூலி இப்போது பல வண்டிகளில் 1,000 டாலருக்கு மேல். பெரிய பிக்கப் வண்டிகளில் 2,000 டாலரையும் தாண்டியிருக்கிறது. தொழிற்சாலைக்குப் பக்கத்து ஊரில் வாங்கினாலும், ஆயிரம் மைலுக்கு அப்பால் வாங்கினாலும் பொதுவாக ஒரே கூலிதான். ஏற்றுகிறவன் வாடகை குறைந்ததென்று திவாலாகிறான்; வாங்குகிறவன் சீட்டிலோ ஏற்றுக் கூலி வருஷா வருஷம் ஏறுகிறது. ரயிலுக்கும் துறைமுகத்துக்கும் கிடங்குக்கும் இதில் பங்கு உண்டு என்பது வாஸ்தவமே. அதைத் தள்ளினாலும் மீதி எங்கே? சாமி பேரால் வாங்குகிற பணம் சாமிக்குப் போகாததுபோல, லாரி பேரால் வாங்குகிற பணமும் லாரிக்கு முழுவதும் போவதில்லை. மார்க்கெட் சாமிக்கும் பூசாரி உண்டு என்று தெரிகிறதல்லவா?

நம் பக்கத்துக்கு வருவோம். ஸ்ரீபெரும்புதூரிலும் ஒரகடத்திலும் கார் தொழிற்சாலைகள் இருக்கின்றன. மறைமலைநகரில் இதே போர்ட் கம்பெனி, கார் செய்வதை நிறுத்தப் போவதாக 2021 செப்டம்பரில் சொல்லி 2022இல் நிறுத்திற்று. எங்கோ ஓர் ஊரில் எடுக்கும் முடிவு இங்கே அடுப்பை அணைக்கிறது என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை. கார் ஏற்றும் வண்டியைத் தவணைக்கு வாங்கியிருக்கும் தோழர்கள் இக்கூட்டத்தில் இருந்தால் ஒன்று சொல்லுகிறோம். அடுத்த தடவை வாடகை குறைந்தால் ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். டெண்டர் யார் விட்டது, யார் என்ன விலைக்கு எடுத்தது, நடுவில் புரோக்கர் எவ்வளவு எடுத்துக்கொண்டது, கார் வாங்கினவனிடம் ஏற்றுக் கூலியென்று எவ்வளவு வாங்கினது என்று நாலு பேர் சேர்ந்து ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். நோட்டுக்கு ஒரு பூசணிக்காய் விலைகூட ஆகாது.

இதைப் பற்றிக் கேள்வி கேட்க விரும்பும் தோழர்கள் தாராளமாய்க் கேட்கலாம்.