மங்கிய விளக்கும் மறைந்த குறையும்

(விவசாயிகள் கூட்டமொன்றில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)

 

விளைவித்தல் எவ்வளவு முக்கியமோ, விளைந்ததைப் பழுதின்றிச் சந்தையில் சேர்ப்பதும் அவ்வளவு முக்கியமாகும். அப்பணியைச் செய்யும் பிக்கப் வண்டியின் முன்விளக்கைப் பற்றி இன்று சில வார்த்தைகள் கூற விரும்புகிறோம்.

சில மாதங்களுக்கு முன், விடியுமுன்னே தக்காளி ஏற்றி ஒட்டன்சத்திரம் சந்தைக்குப் புறப்பட்ட வண்டியொன்றில் நாமும் சென்றோம். அதன் இடப்பக்க விளக்கு மங்கியிருந்தது. ஓரமாகச் சென்ற மாட்டுவண்டி மிக அருகில் வந்த பின்னரே புலப்பட்டது. ஓட்டுநர் உடனே பிரேக்கை மிதித்தமையால் மனிதரும் மாடுகளும் தப்பினர். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு விநாடியில் ஏறத்தாழ 17 மீட்டர் கடந்துவிடும் என்பதை எண்ணிப் பாருங்கள்!

"இருமுறை பல்பு மாற்றிவிட்டேன், ஐயா, பயனில்லை" என்றார் ஓட்டுநர். குறை பல்பில் இல்லை. விளக்கின் எர்த் கம்பி வண்டியின் பாடியில் சேருமிடத்தில் போல்ட்டு துருவேறியிருந்தது. உப்புத்தாளால் தேய்த்து முடுக்கியதும் விளக்கு பளிச்சென்று எரிந்தது.

மடையில் நீர் நிறைய இருந்தும் வாய்க்காலில் மண் அடைத்தால் கடைமடை காய்கிறதன்றோ? மின்சாரமும் அத்தகையதே. ஹாலஜன் பல்புக்கு வந்துசேரும் வோல்ட் பத்தில் ஒரு பங்கு குறைந்தால், ஒளி பத்தில் மூன்று பங்கு குறைந்துவிடும்.

ஆகவே, பல்பு வாங்குமுன் காரணத்தை அறிதல் வேண்டும். இருட்டியபின் வண்டியை வெள்ளைச் சுவருக்கு எதிரே நிறுத்தி விளக்கைப் போடுங்கள்.

இரு விளக்குகளும் மங்கலாயிருந்து, என்ஜினை முடுக்கும்போது ஒளி கூடினால், பாட்டரி, ஆல்டர்னேட்டர், அதன் பெல்ட் ஆகியவற்றைச் சோதிக்க வேண்டும். 12 வோல்ட் பாட்டரியின் முனைகளில், என்ஜின் ஓடுகையில் சுமார் 14 வோல்ட் இருத்தல் வேண்டும்.

ஒரு விளக்கு மட்டும் மங்கலாயின், முதலில் அதன் மூடி மஞ்சளித்துள்ளதா என்று பாருங்கள். பின்னர், தனி ஒயர் ஒன்றினால் விளக்கின் எர்த் முனையைப் பாட்டரியின் நெகடிவ் முனையோடு இணைத்துப் பாருங்கள். ஒளி கூடினால் குறை எர்த்தில் என்பது தெளிவு. கூடாவிடில், பல்பு ஹோல்டரில் கருகலோ களிம்போ உண்டா என்று நோக்குக.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். 60/55 வாட் பல்பு உள்ள இடத்தில் 100 வாட் பல்பைப் பொருத்தாதீர்கள். ஒயரும் ஹோல்டரும் சூடேறி உருகும். எதிரே வருபவர் கண்ணும் கூசும்.

பஞ்சாயத்து உறுப்பினர்கள், மாதம் ஒரு மாலை ஊர் வண்டிகள் அனைத்தையும் பஞ்சாயத்து அலுவலகச் சுவருக்கு எதிரே நிறுத்திச் சோதிக்க ஏற்பாடு செய்வார்களாக. செலவு சிறிது, காக்கப்படுவதோ உயிர்.