ஐம்பத்து நான்கு ஆண்டுகள், ஒரே வேடம்

(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மைக்கை இன்ஜினியர் கையில் கொடுத்துவிட்டார்களே, பாய்லரைப் பற்றிப் பேசிவிடுவானோ என்று பயப்படாதீர்கள்! நான் பேசப்போவது ஒரு சீரியல் நடிகையைப் பற்றி. அமெரிக்காக்காரர், பெயர் ஹெலன் வாக்னர்.

காரணம் இருக்கிறது. இந்த மாதிரிச் சந்திப்பில் முதல் கேள்வியே, "இப்ப எங்கப்பா இருக்கே?" என்பதுதான். நான் ஒரு மின் நிலையத்தில், பராமரிப்புப் பிரிவில், பதின்மூன்று வருடமாக இருக்கிறேன். "அதே இடம்தான்" என்றால், "இன்னுமா?" என்று அடுத்த கேள்வி வரும். அந்த "இன்னுமா"வுக்கு இந்த அம்மையாரின் வாழ்க்கையில் ஒரு பதில் இருப்பதாக நான் நினைக்கிறேன்.

1918-இல் டெக்சாஸில் பிறந்தவர். இல்லினாய் மாநிலத்தில் உள்ள மன்மத் கல்லூரியில் இசையும் நாடகமும் படித்து 1938-இல் பட்டம் பெற்றார். 1950களில் தொலைக்காட்சிக்கு வந்தார். 'த கைடிங் லைட்', 'த வேர்ல்ட் ஆஃப் மிஸ்டர் ஸ்வீனி' போன்ற தொடர்களில் நடித்தார்.

1956 ஏப்ரல் 2 அன்று சி.பி.எஸ். தொலைக்காட்சியில் 'ஆஸ் த வேர்ல்ட் டர்ன்ஸ்' தொடங்கியது. எழுதியவர் இர்னா பிலிப்ஸ். தயாரித்தது சோப்பு விற்கும் புரொக்டர் அண்டு கேம்பிள். சோப் ஓப்பரா என்ற பெயரே சோப்புக் கம்பெனிகளால் வந்ததுதான்! அதுவரை பதினைந்து நிமிடமாக இருந்த பகல் நேரத் தொடர், இதில் அரை மணி நேரம் ஆனது. நான்சி ஹியூஸ் என்ற குடும்பத் தலைவியாக, கணவருக்குக் காலை வணக்கம் சொல்லி, தொடரின் முதல் வசனத்தைப் பேசியவர் ஹெலன் வாக்னர்.

1975 வரை அந்தத் தொடர் நேரடி ஒளிபரப்பு. ரீடேக் கிடையாது. வசனம் மறந்தால் நாடே பார்க்கும். 1963 நவம்பர் 22 அன்று அவர் நடித்துக்கொண்டிருந்த காட்சியின் நடுவே, அதிபர் கென்னடி சுடப்பட்ட செய்தியைச் சி.பி.எஸ். அறிவித்தது. ஸ்டுடியோவில் இருந்தவர்களுக்கு அப்போது அது தெரியாது. அவர்கள் பாட்டுக்கு நடித்துக்கொண்டிருந்தார்கள்.

ஒரே வேடம் என்றால் ஒரே வேலை என்று அர்த்தமில்லை. நான்சி இளம் தாயாக வந்தார், மாமியாரானார், பாட்டியானார், விதவையானார், மறுமணம் செய்துகொண்டார். அந்த இரண்டாவது கணவருக்கு அல்சைமர் நோய் வந்த கதையும் தொடரில் வந்தது. பாத்திரத்தின் பெயர் மாறவில்லை. பொறுப்பு மாறிக்கொண்டே இருந்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1980களின் முற்பகுதியில், மூத்த பாத்திரங்களுக்கு வேலை குறைந்தபோது, அவர் சிறிது காலம் தொடரில் இல்லை. பிறகு திரும்பி வந்தார். ஆகவே, ஒரே இடத்தில் ஒட்டிக்கொண்டிருப்பதே பெருமை என்று நான் சொல்லவில்லை. செய்வதற்கு வேலை இல்லாத நாற்காலி யாருக்கும் வேண்டாம்.

2004-இல் பகல் நேர எம்மி விருதுக் குழு அவருக்கு வாழ்நாள் சாதனை விருது கொடுத்தது. 2010 மே 1 அன்று, 91 வயதில் காலமானார். சில வாரங்களுக்கு முன்பு வரை திரையில் வந்தவர் அவர். தொடரும் அதே ஆண்டு செப்டம்பர் 17-இல் முடிந்தது. மொத்தம் 13,858 பகுதிகள்.

தம்பி தங்கைகளே, வேலை மாறுவது தப்பு என்று யாரும் சொல்லமாட்டார்கள். நல்ல சம்பளம், நல்ல வாய்ப்பு வந்தால் தாராளமாகப் போங்கள். ஆனால் எங்காவது சில பேர் இருந்தே ஆக வேண்டும். எங்கள் நிலையத்தில் ஒரு பம்ப்பின் சத்தம் லேசாக மாறினாலே, "பேரிங் போகப்போகுது சார்" என்று சொல்கிற மூத்த ஃபிட்டர்கள் இருக்கிறார்கள். அந்தக் காது இரண்டு வருடத்தில் வராது. அவர்கள் ஓய்வு பெறும்போது அந்தக் காதும் கூடவே போய்விடும். அதைக் கேட்டுக் கற்றுக்கொள்ள ஓர் ஆளாவது அங்கே நிற்க வேண்டாமா? எங்களுக்கும் ரீடேக் கிடையாது. கரண்ட் போனால் ஊருக்கே தெரியும்.

ஆகவே நண்பர்களே, மதியச் சாப்பாட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் "அதே இடம்தான்" என்று சொன்னால், "இன்னுமா?" என்று கேட்காதீர்கள். "இப்ப அங்க என்ன பண்றே?" என்று கேளுங்கள். சொல்வதற்கு அவரிடம் நிறைய இருக்கும்.